கதிர்காமன் கொண்டக்டரின் இரட்டைப் பெடல்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ட்றம் பெடலைக் கழற்றித் துடைத்தது. 2009 கார்த்திகை, ஒரு ஞாயிறு பின்னேரம். பெரியநீலாவணையில் எங்கள் வீட்டுக் குசினித் தரையில் பழைய பத்திரிகை விரித்திருந்தோம். வெளியே மழை. மாரி காலத்தில் கடலோரத்து வீடுகளில் இருக்கும் இரும்புக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் காட்டாவிட்டால் துரு பிடித்துவிடும்.

அது இரட்டைப் பெடல். இரண்டு மிதிபலகைகள். வலது பலகை பெரிய ட்றம்மின் வளையத்தைக் கவ்வி நிற்கும். இடது பலகை ஒரு முழம் தள்ளித் தனியே இருக்கும். இரண்டையும் ஓர் உருக்குத் தண்டு இணைக்கும். தண்டின் இரு முனையிலும் எந்தப் பக்கமும் மடங்கும் மூட்டு. ட்றம்மை அடிக்கும் கம்பளித்தலைக் கோல்தான் பீற்றர்; வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. எந்தக் காலால் மிதித்தாலும் அடி அதே ட்றம்மில்தான் விழும். ஒரு கால் இறங்கும்போது மற்றக் கால் ஏறும், ஆகவே வேகம் கூடும். அவ்வளவுதான் அதன் பயன்.

நான் சாவியால் ஆணிகளைத் தளர்த்தினேன். அப்பா அவற்றைச் சோசரில் போட்டு எண்ணினார்.

"பதினொண்டு."

"பன்னிரண்டு, அப்பா. ஒண்டு உங்கட முழங்காலுக்குக் கீழ கிடக்கு."

"முப்பது வருசம் டிக்கெட் எண்ணின மனிசனுக்கு ஆணி எண்ணத் தெரியா," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

செயினுக்கும் மூட்டுகளுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். மிஞ்சியதைத் துணியால் எடுத்தேன். பிறகு பீற்றர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலது பீற்றரின் கம்பளி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. இடது பீற்றர் இன்னும் உருண்டையாக இருந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார்.

"முனாப் ஒரு காலால அடிக்கிறவன். அவன்ட பீற்றர் எவ்வளவு தேஞ்சிருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பாதி இராது," என்றார்.

வியாழக்கிழமை காலை அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் அப்பா சரிந்து விழுந்தார். இருதயம். வயது ஐம்பத்திரண்டு. என்னோடு சேர்ந்து வேலை செய்த கடைசி ஒரு மணி நேரத்திலும் அவர், தன்னோடு ட்றம்ஸ் வாசித்த முனாப் மாமாவைத்தான் கதைக்குள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பாவின் பெயர் கதிர்காமன். கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டர். ஒரு நாளைக்கு மூன்று தரம் போய் மூன்று தரம் வருவார். அவருடைய அப்பா மீன்பிடிகாரர். அப்பாவுக்குக் கடல் ஒத்துவரவில்லை, தோணியில் ஏறினால் குடலைப் புரட்டிச் சத்தி எடுப்பார். ட்றம்ஸை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் மிதிபலகையில் நின்றபடி சப்பாத்துக் காலால் தட்டித் தட்டிப் பழகினார். வீட்டில் செருப்பில்லாமல் திரிபவர், ட்றம்ஸில் இருந்தால் மட்டும் டியூட்டிச் சப்பாத்துப் போடுவார். வெறுங்காலில் அவருக்குத் தாளம் வராது.

கல்முனையில் ஸைனுலாப்தீன் காக்கா ஓர் இசைக்குழு வைத்திருந்தார். கீபோட் அவர். கலியாணம், கோயில் சடங்கு, பள்ளிக்கூட விழா என்று எல்லாவற்றுக்கும் போவார்கள். ட்றம்ஸ் ஒன்று, வாசிப்பவர்கள் இருவர். அப்பா ஒருவர். மற்றவர் முனாப். சாய்ந்தமருதுக்காரர், அப்பாவின் வயது. பிரதான வீதியில் குஷன் கடை. ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீற் தைப்பார்.

முனாப் மாமா ஒற்றைப் பெடலில், வெறுங்காலில், குதியைத் தூக்கி முன்பாதத்தால் அடிப்பார். ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். மேடைக்குப் பின்னால் சனம் வந்து குனிந்து பார்க்கும், மற்றக் காலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று. அப்பா அதைப் பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து குசினித் தரையில் செய்து பார்த்தார். வரவில்லை.

என் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த அன்று எனக்கு ஐந்து பாடங்களில் ஏ. அப்பா "நல்லம் புள்ள" என்றார். பிறகு சாப்பிடும்போது, காரைதீவுக் கலியாணத்தில் முனாப் வாசித்த ஒரு பாட்டின் முடிவை அரை மணி நேரம் விளங்கப்படுத்தினார். கறிக் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினார். சொதி என் கொப்பியில் தெறித்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. அவர் என்னைக் காணும்போதெல்லாம் இனிப்பு வாங்கித் தந்தவர். அதுவும் பிடிக்காது.

2004இல் அம்மாவின் தம்பி சுவிஸிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா அரைக்க ஒரு மிக்ஸர் சொன்னார். அப்பா ரிசீவரை வாங்கி, "டபிள் பெடல்" என்றார். பாவித்த ஒன்று ஆவணியில் வந்தது. மிக்ஸர் வரவில்லை.

பெட்டிக்குள் இருந்த படத்தாள் ஜெர்மன் மொழியில் இருந்தது. அப்பா தன் எண்ணத்துக்குப் பூட்டினார். தண்டு சரிந்து நின்றது, இடது பலகை மிதித்தால் பக்கவாட்டில் ஓடியது. நான் அப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தேன். தண்டு தரையோடு மட்டமாக இருக்க வேண்டும், மூட்டுகள் இரண்டும் ஒரே கோணத்தில் மடிய வேண்டும், தாளத்தட்டுகள் நிற்கும் சிஞ்சா ஸ்ராண்டின் ஒரு காலைத் திருப்பி இடது பலகைக்கு இடம் விட வேண்டும் என்று கீறிக் காட்டினேன். அப்பா முதல் தடவையாக என் கொப்பியை உற்றுப் பார்த்தார். எனக்கு அந்தப் பெடலைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த கலியாண வீட்டில் முனாப் மாமா முழங்காலில் இருந்து அதைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"மச்சான், இது கள்ள வேல."

"என்ன கள்ளம்?"

"ரெண்டு காலால ஓடி வந்து ஒத்தக் காலால நொண்டுறவன வெல்லப் பாக்கிறாய். எனக்கு அல்லாஹ் தந்த ஒரு காலே போதும்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஸைனுலாப்தீன் காக்கா கீபோட்டில் ஒரு நொண்டிக் குதிரை ஓடுவதுபோல வாசித்தார். அப்பாவும் சிரித்தார். வரும் வழியெல்லாம் பெடலை மடியில் வைத்து இடது பலகையை அழுத்திக்கொண்டே வந்தார்.

நான்கு மாதத்தில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. அன்று ஞாயிறு, அப்பா டியூட்டியில் இல்லை. மூவரும் மேற்கே வயல் பக்கம் ஓடித் தப்பினோம். வீட்டில் இரண்டு சுவர் நின்றது. பெடல் ஒன்பதாம் நாள் தாழைப் பற்றைக்குள் கிடந்தது. இடது ஸ்பிறிங் இல்லை.

பாடசாலை முகாமில் இருந்தோம். அப்பா மண்ணெண்ணெய் வாங்கி வந்து அதற்குள் பெடலை அமிழ்த்தப் போனார். நான் தடுத்தேன். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, முதலில் நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது, ஆளுக்கு ஒரு வாளி. அப்பா தன் வாளியைப் பெடலுக்கு ஊற்றினார். மூன்று நாள் குளிக்கவில்லை.

"செத்த வீடு மாதிரி ஊரே கிடக்கு. இந்த மனிசன் இரும்பு குளிப்பாட்டுறார்," என்றார் அம்மா.

இடது பக்கத்துக்குச் சைக்கிள் ஸ்ராண்ட் ஸ்பிறிங் ஒன்று போட்டேன். இறுக்கம் கூட. ஆனால் வேலை செய்தது.

முனாப் மாமாவின் மனைவி றஹீமாவையும் மூத்த மகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. பஸ் ஓடாத நாட்களில் அப்பா சாய்ந்தமருதுக்கு நடந்தே போனார். அங்கே இரண்டு நாள் நின்று மையித்துகளை அடக்கக் கிடங்கு வெட்டினார். திரும்பி வந்து முகாம் விறாந்தையில் இருந்தபடி சொன்னார்:

"அவன் இனி வாசிக்க மாட்டான்."

"என்ன கதை இது?" அம்மா சத்தம் போட்டார். "பொஞ்சாதி புள்ளயப் பறிகுடுத்து நிக்கிற மனிசன். அவனப் பத்திக் கதைக்கிற கதையா?"

அப்பாவின் குரலில் துக்கம் இருந்தது. அதற்குள் வேறொன்றும் இருந்தது. எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார்.

முனாப் மாமா நான்கரை வருடம் ட்றம்ஸைத் தொடவில்லை. ட்றம்ஸ் கதிரை முழுவதும் அப்பாவுடையது. ஆனால் திரும்பச் சண்டை மூண்டிருந்தது. கச்சேரி வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான். அதிலும் அப்பா வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் ஆள் இல்லை. இடது காலைக் குறைத்துக்கொண்டே வந்தார். வெல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் இரண்டாவது கால் எதற்கு என்று நினைத்திருக்கலாம். நான் அதற்குள் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெசின் திருத்தும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. ஆடியில் எங்கள் அம்மன் கோயில் சடங்குக்குக் கச்சேரி வைக்க நிர்வாகம் தீர்மானித்தது. பல வருடத்துக்குப் பிறகு முதல் பெரிய கச்சேரி. ஸைனுலாப்தீன் காக்கா ஒத்திகைக்கு அழைத்தார். அப்பா சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

மண்டபத்துக்குள் முனாப் மாமா இருந்தார். தாடி வெள்ளையாகியிருந்தது. காலடியில் புத்தம் புதிய இரட்டைப் பெடல். கட்டாரிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியது.

"நானும் கள்ளனாகிட்டன் மச்சான்," என்றார். "வீட்டில தனிய இருக்க ஏலா. எதையாவது மிதிக்கணும்."

பாதிப் பாட்டு அவருக்கு, பாதி அப்பாவுக்கு என்று காக்கா பிரித்தார். பிறகு முனாப் மாமா அப்பாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உனக்குத்தான் இதப்பத்தித் தெரியும். என்ன எண்ணெய் விடுறது?"

அப்பா ஒரு கணம் பெடலைப் பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்," என்றார். "நல்லாத் தாராளமா விடு. மூட்டுக்கு, செயினுக்கு, எல்லாத்துக்கும்."

"தேங்காயெண்ணெயா?"

"அஞ்சு வருசமா அதுதான் விடுறன்."

தேங்காயெண்ணெய் நாள் போகப் பசையாகும். மணல் பிடிக்கும். மூட்டின் உருளைகள் ஒட்டிக்கொள்ளும். இது எனக்குத் தொழில். எங்கள் பெடலுக்கு நான் விடும் மெசின் எண்ணெய்ப் போத்தல் என் கைப்பைக்குள் இருந்தது. முனாப் மாமா என்னையும் பார்த்தார், நான் ஆம் என்று சொல்வேன் என்பதுபோல. அவர் கேட்டபோது அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் ஒரு தடவையும் வரவழைத்ததில்லை. நான் கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினேன்.

மேடை கோயில் வாசலுக்கு வெளியே, தெருவில் போடுவதாக இருந்தது. அதனால் சப்பாத்துப் போடலாம். நான் அப்பாவின் பெடலைச் சப்பாத்துக்கே அமைத்தேன். சப்பாத்தின் பாரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்று ஸ்பிறிங்கை இரண்டு பக்கமும் இறுக்கினேன். தளர்ந்து வரும் ஆணிகளுக்கு நகப்பூச்சால் அடையாளம் இட்டேன்.

கச்சேரி நாள் காலையிலிருந்தே கச்சான் காற்று சுழன்றடித்தது. தார்ப்பாய் கிழிந்தது. மூன்று மணிக்கு நிர்வாகத் தலைவர் வந்தார்.

"காத்து தகரத்தத் தூக்குது. மேடைய மதிலுக்கு உள்ள எடுங்க."

மதிலுக்கு உள்ளே கோயில் வீதி. அங்கே சப்பாத்துப் போடக்கூடாது. யாரும் அதைச் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. இந்த ஊரில் பிறந்த நான் கோயில் கச்சேரிக்குச் சப்பாத்துக் கணக்கில் ஸ்பிறிங் இறுக்கியிருந்தேன். அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றி மதிலோரம் வைத்தார்.

முதல் பாதி முனாப் மாமா. நான் அப்பாவின் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு மேடையோரம் நின்றேன். இரண்டு பக்கமும் இரண்டு சுற்றுத் தளர்த்தி, பலகையில் துணிப் பிளாஸ்ரர் ஒட்டினால் வெறுங்காலுக்குச் சரிவரும். பத்து நிமிட வேலை. ஆனால் அவருடைய கால் வேண்டும், மிதித்துப் பார்க்க.

"அப்பா, கால வைங்க. ஸ்பிறிங்கத் தளத்துறன்."

"சும்மா நில்லு புள்ள. அவன்ட காலப் பாரு."

நான் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கண் வெட்டவில்லை.

மூன்றாவது பாட்டில் முனாப் மாமாவின் இடது பெடல் இறுகியது. காற்றில் வந்த பூமணல் முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டியிருக்க வேண்டும். இடது பீற்றர் ட்றம்மில் போய் ஒட்டிக்கொண்டது, திரும்பவில்லை. ட்றம் சத்தம் செத்தது. அப்பாவின் கை என் தோளைப் பிடித்தது. நோகப் பிடித்தது.

இடையிசை வந்தது. முனாப் மாமா வலது கையால் தாளத்தை விடாமல், இடது கையால் சாவியை எடுத்துக் குனிந்தார். இடது பீற்றரைக் கழற்றி மடியில் வைத்தார். பல்லவிக்கு ஒற்றைக் காலால் வந்தார்.

நான்கரை வருடம் வாசிக்காத கால். எனக்கும் அந்த ஒரு தடவை கேட்டது, அப்பா கறிக் கிண்ணத்தில் தட்டிக் காட்ட முயன்றது என்னவென்று. சனம் எழும்பிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்தும் விசில் வந்தது. அப்பா என் தோளை விட்டார்.

பிறகு அப்பா ஏறினார். முதல் பாட்டு ஒருமாதிரித் தப்பியது. இரண்டாவதில் வேகம் எடுத்தார். இறுக்கின ஸ்பிறிங் பாரமில்லாத காலை மேலே எறிந்தது. வியர்வையில் பாதம் வழுக்கியது. இடது கால் பலகையை விட்டு முழுதாக வெளியே போனது. ஸைனுலாப்தீன் காக்கா கீபோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அப்பா பிடித்துக்கொள்ளப் பார்த்தார், இன்னும் வேகமாகப் போய்விட்டது.

"கொண்டக்டர், பிறேக்கப் பிடியுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கோயில் வீதி முழுவதும் சிரித்தது.

மிச்சப் பாட்டுகளை இடது காலை உள்ளே மடித்துக்கொண்டு வாசித்தார். காக்கா இரண்டு பாட்டைக் குறைத்துக் கச்சேரியை முடித்தார்.

முனாப் மாமா இரண்டு கப் பிளேன்ரீயோடு வந்தார்.

"மச்சான், நீ சொன்ன மாதிரித்தான் விட்டன். கூடிப் போச்சு போல இரிக்கி. என்ட பிழ."

அப்பா கப்பை வாங்கினார். "ஓம். அளவா விடணும்," என்றார்.

அதற்குப் பிறகு அப்பா வீட்டில் முனாப் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை. மூன்று மாதம். எனக்கு அது சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டில் கதை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். புரட்டாதி கடைசியில் ஒரு நாள் என்னிடம் கேட்டார்:

"ஃபாக்டரியில இருந்து மெசின் எண்ணெய் ஒரு போத்தல் கொண்டா புள்ள."

"வீட்டில இருக்கே."

"அது உடைச்சது. மூடி திறக்காதது வேணும்."

ஸ்ரோரில் கேட்டு வாங்கிக் கொண்டுவந்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் டிக்கெட் பையில் வைத்தார்.

செத்த வீட்டுக்கு முனாப் மாமா வந்தார். அப்பாவின் கால்மாட்டில் நெடுநேரம் நின்றார். என்னிடம், "இனி எனக்கு எண்ணெய் சொல்லித் தர ஆர் இரிக்காங்க மகள்?" என்றார். அவர் இன்னும் தேங்காயெண்ணெய்தான் விடுகிறார் என்று அதிலேயே தெரிந்தது. நான் சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பொய்யராகக் கொடுக்க மனம் வரவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சிறியது. அப்பாவிடமிருந்து கடைசியாக ஒன்று கிடைக்குமானால் அது அந்த மனிதருக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் பஸ் சாரதி ஹஸன் மாமா அப்பாவின் டிக்கெட் பையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே துவாய், மூக்குக்கண்ணாடி, எண்ணெய்ப் போத்தல். மூடி திறக்கப்படவில்லை. போத்தலில் ஒட்டியிருந்த தாள் பையில் உரசி உரசி வெளிறியிருந்தது. ஏழு கிழமை, நாளைக்கு ஆறு தரம், அது குஷன் கடையைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது.

"சாய்ந்தமருது வந்தா உங்கட அப்பா பின் கதவுக்குப் போயிருவார்," என்றார் ஹஸன் மாமா. "ஒரு நாள் முனாப் பஸ்ஸ மறிச்சிட்டார். 'மச்சான், இடது பக்கம் இன்னும் இறுகுது, எண்ணெய் கொஞ்சம் கூட்டட்டா?' எண்டு யன்னலால கேக்கிறார். உங்கட அப்பா மணிய ரெண்டு தரம் அடிச்சார். நான் என்ன செய்யிற, பஸ்ஸ எடுத்தன்."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஹஸன் மாமா வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னார். காலை முதல் ட்ரிப், சாய்ந்தமருது தாண்டிக் காரைதீவு வரும்போது அப்பா முன்னால் வந்து அவருடைய சீற்றுக்குப் பின்னால் நின்றாராம்.

"ஹஸன், திரும்பி வரக்குள்ள குஷன் கடையடியில ரெண்டு நிமிசம் நிப்பாட்டுவியா? ஒரு வேல இரிக்கி."

"ரெண்டு நிமிசம் என்ன, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுறன் எண்டன்," என்றார் ஹஸன் மாமா.

அக்கரைப்பற்றிலிருந்து அந்தப் பஸ் வேறொரு கொண்டக்டரோடு திரும்பி வந்தது. குஷன் கடையடியில் நிற்கவில்லை.